லிஸ்டில் எங்கள் வீடு தெலுங்கு வீடு

அண்ணா,

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கம் இல்லை. நம் வீட்டில் மூத்தவன் பெயரைச் சின்னவள் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதுகூட நைனாதான் சொன்னார். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். அதனால் அண்ணா என்பதுதான் எனக்கு உன் பெயர். அண்ணா, நான் அந்த லிஸ்ட் விஷயத்தை எழுதப் போகிறேன். நீ இருந்தால் எழுத விடமாட்டாய். "ஊரே மறந்துட்சி, நீ இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு கீற" என்பாய். ஊர் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நைனா என்றது எங்கள் அப்பாவை.

நான் மூன்றாவது வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில், குடிபாலாவுக்குப் பக்கம். நாங்கள் வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும் போடுகிறவர்கள். ஊரில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. தனித் தெரு கிடையாது, எல்லாம் கலந்துதான் இருக்கிறோம். எங்களுக்கு இடது பக்கத்து வீடு தெலுங்குக்காரர் வீடு. அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒன்றாகத்தான் ஆடு மேய்த்தோம். என் தெலுங்கு அங்கே வந்ததுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சை யார் எந்தப் பாஷையில் ஆரம்பிக்கிறார்களோ அந்தப் பாஷையிலேயே பதில் சொல்வோம். மாற்றிச் சொன்னால், வந்தவரை வாசலில் நிறுத்திவைத்த மாதிரி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. குழந்தைகள்கூட அப்படித்தான் பேசும்.

அண்ணன் ரோட்டு ஓரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பஞ்சர் ஒட்டுவான், மணி நேரத்துக்கு வாடகைக்கும் சைக்கிள் விடுவான். எட்டாவது வரை தமிழில் படித்தவன். தெலுங்கு பேசுவான், ஆனால் படிக்கத் தெரியாது. ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு ஆபீசிலிருந்து வருகிற நோட்டீசெல்லாம் தெலுங்கில் வர ஆரம்பித்தது. கடைக்கு வந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்பான். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிகிற வரை காத்திருப்பான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான்.

"என் கடைக்கு வர்ற காயிதத்த நானே படிக்க முடியலியேம்மா. எட்டு வருஷம் படிச்சி இன்னா பிரயோஜனம்?"

எல்லை எங்கே போடுவது என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் தமிழ் வீடு அதிகமோ அது மெட்ராஸ் பக்கம் போகும் என்றார்கள். எங்கள் ஊரும் போக வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. வேறு பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நோட்டீஸ்தான் காரணம்.

ஒரு முறை மெட்ராசிலிருந்து ஒருவர் காரில் வந்து டீக்கடை முன்னால் நின்று பேசினார். புத்தகம் படிக்கிற மாதிரிப் பேசினார். எங்கள் ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். அவர் போன பிறகு ஒரு பெரியவர், "இன்னாபா சொல்லிகினு போறாரு அந்த ஐயா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன்தான் எங்கள் பேச்சில் எடுத்துச் சொன்னான். அந்த ஐயா காரில் ஏறும்போது அண்ணனிடம், "வந்துக்கினு போய்க்கினு என்று பேசாதீர்கள் தம்பி, அதைக் கேட்டால் தெலுங்கு என்று எழுதிவிடுவார்கள்" என்றாராம். அன்றைக்கு முழுவதும் அண்ணன் முகம் சரியாக இல்லை. தமிழுக்காக நிற்கிறவனிடமே உன் தமிழ் சரியில்லை என்றால் எப்படி இருக்கும்.

அதற்கப்புறம்தான் வீடு வீடாக லிஸ்ட் எடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்தது. எந்த ஆபீசு லிஸ்ட் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணனுக்கு எங்கள் வழக்கம் தெரியும். வருகிறவர் தெலுங்கில் கேட்பார், நம்மவர்கள் மரியாதைக்குத் தெலுங்கில் சொல்வார்கள், அவர் தெலுங்கு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் இரண்டு நாள் கடையை மூடிவிட்டுத் தமிழ் வீடு ஒவ்வொன்றுக்கும் போனான். "அவுரு இன்னா பாஷைல கேட்டாலும் சரி, மொதல்ல 'நாங்க தமிழு சார்'னு சொல்லிடுங்க. அப்பறம் எந்த பாஷைல வேணும்னாலும் பேசுங்க" என்று சொன்னான். கரும்பு வெட்டப் போனவர்களிடம் வயலுக்கே போய்ச் சொன்னான்.

எங்கள் வீட்டில் சொல்லவில்லை. நம் வீடுதானே என்று விட்டுவிட்டான்.

அந்த ஆள் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கடலைக் கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தேன். அவர் கிருஷ்ணா ஜில்லாப் பக்கத்துக்காரர் போல இருந்தது. அவர் தெலுங்கு எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாதிரி இல்லை, மெதுவாக, இழுத்து இழுத்து இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா பேசியதற்கே அவர் சிரித்தாராம். "இன்ட்லோ எந்தமந்தி உன்னாரு அம்மா?" என்று கேட்டார். வீட்டில் எத்தனை பேர் என்று. "நலுகுரு சார்" என்றேன். நாலு பேர்தான் அப்போது. யார் யார், என்ன வேலை, எத்தனை வயது, எல்லாவற்றுக்கும் தெலுங்கிலேயே சொன்னேன். வெயிலாக இருக்கிறதே என்று மோர் கொடுத்தேன், அதையும் தெலுங்கில்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் பாஷை என்ன என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தமிழ் என்று சொல்லியிருப்பேன். காதால் கேட்டதை வைத்து எழுதிக்கொண்டு போய்விட்டார். கூட வந்த தலையாரி வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லாம் சரியாகச் சொன்னேன் என்று சந்தோஷமாக இருந்தேன்.

நாலு நாள் கழித்துத் தலையாரி மூலம் டீக்கடைக்கு விஷயம் வந்தது. ஊரில் தமிழ் வீடு எல்லாம் தமிழ் என்று இருக்கிறது, ஒரே ஒரு வீடு தவிர. அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கிறான். டீக்கடைக்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், ஊர் முறைக்கு. அவர் அண்ணனைப் பார்த்ததும், "ரா அன்னா, டீ காவாலா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார்.

"இன்னா மாமா, திடீர்னு தெலுங்கு?"

"நீ தெலுங்கு வூட்டுக்காரனாச்சே. எங்கள போயி தமிழு தமிழுன்னு சொல்லுன்னிட்டு நீ அந்தாண்ட ஒரு கால் வச்சிகினு கீறியே."

இதில் ஒரு கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது. அதே வாரத்தில் அண்ணனுக்குச் சைக்கிள் கடை லைசென்ஸ் வந்தது. எட்டு மாதமாக வராதது அப்போது வந்தது. தெலுங்கு என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினான் என்று பேசினார்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்க வருகிறவன்கூட, "பம்பு தமிழுதா தெலுங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அண்ணன் மத்தியானமே கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"யாரு அந்தாளாண்ட பேசனது?"

"நான்தாண்ணா."

"இன்னா பாஷைல?"

"அவுரு தெலுங்குல கேட்டாரு. நானும் தெலுங்குல சொன்னேன்."

அவன் கையை ஓங்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அம்மாதான் குறுக்கே பேசினாள். "ஊரெல்லாம் போயி சொன்னியே, உன் வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொன்னியாடா? அதுக்கு இன்னா தெரியும்?"

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் எதிரில் நின்றாலும், "அம்மா, தண்ணி எடுத்தாறச் சொல்லு" என்பான். நான் கொண்டுபோய் வைப்பேன். சொம்பைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பாஷையை மாற்றி எழுதச் சொல்லிச் சித்தூர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று நைனா சொன்னார். பேசியவள் நான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டு, நான் பின் சீட்டு. ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் போனோம். மனுவைத் தெலுங்கில் எழுதினால்தான் சீக்கிரம் பார்ப்பார்கள் என்றார் அவர். ஆகையால் எங்கள் வீடு தமிழ் வீடு என்று தெலுங்கில் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

குமாஸ்தா தெலுங்கில் "ஏமி விஷயம்?" என்றார். அண்ணன் ஆரம்பித்தான். இப்படி இப்படி சார், நான் வீட்டில் இல்லை, என் தங்கச்சி சின்னப் பெண், தெரியாமல் பேசிவிட்டாள், எங்கள் வீட்டில் பரம்பரையாக அரவம்தான் சார் என்று. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் தமிழை அரவம் என்போம். அரை மணி நேரம் பேசியிருப்பான். முழுவதும் தெலுங்கில். குமாஸ்தா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்த பாகா தெலுகு மாட்லாடுதா உன்னாவு, மீதி அரவமா?" என்று சிரித்தார். இவ்வளவு நன்றாகத் தெலுங்கு பேசுகிற உனக்கு எப்படியப்பா தமிழ் என்று.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அண்ணனும் நான் செய்ததையேதான் செய்கிறான் என்று. அவனுக்கு உறைத்ததா தெரியவில்லை. பேச்சு இல்லாததால் நானும் சொல்லவில்லை.

பக்கத்து மேஜையில் நாமம் போட்ட ஒருவர் இருந்தார். திருப்பதிக்காரர், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் என்று பிறகு நைனா சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"நீ சொல்லும்மா. அப்பாவை எப்படிக் கூப்பிடுவே?"

"நைனான்னு."

முதல் குமாஸ்தா மேஜையைத் தட்டினார். "சூடன்டி, நைனா அன்டுந்தி." நைனா என்பது அவர்கள் வார்த்தையாம், அதனால் நாங்களும் அவர்கள்தானாம்.

திருப்பதிக்காரர் விடவில்லை. "அதெல்லாம் இல்லை ஓய். அந்தப் பக்கத்துத் தமிழே அப்படித்தான். எங்காத்துல பேசறதைக் கேட்டா இந்தப் பொண்ணு சிரிப்பா. ஊருக்கு ஊர் மாறும், அதுக்காக வேற பாஷை ஆயிடுமா?" பிறகு எங்களிடம், "ஆனா லிஸ்ட் மேல போயிடுத்துப்பா. ஒரு வீட்டுக்காக அதைத் திரும்ப வரவழைக்க மாட்டா. அலையாதீங்கோ" என்றார். மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னால் டீக்கடையில் யாரும் நம்பவில்லை. மாமா ஒன்றே ஒன்று சொன்னார். "காயிதம் வாணாம்பா. காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு. ஒத்துக்கறேன்."

காணிப்பாக்கம் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். எங்கள் பக்கத்தில் தீராத வழக்கெல்லாம் அங்கேதான் போகும். குளத்தில் முழுகி ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குடும்பம் நாசமாகும் என்று பயம். அண்ணன் தான் போவதாகச் சொன்னான். நான் அம்மாவிடம் சொன்னேன், அவனுக்குக் கேட்கிற மாதிரி.

"பேசனது நானு. அண்ணன் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலன்னு நான்தான சொல்லணும்? அண்ணன் பண்ணா யாரு நம்புவாங்க?"

கல்யாணம் ஆக வேண்டிய பெண் சத்தியம் செய்வதா என்று அம்மா அழுதாள். அண்ணன் அப்போதும் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என் சைக்கிளுக்கும் சேர்த்துக் காற்று அடித்து வைத்திருந்தான்.

அண்ணன், நான், நைனா, சாட்சிக்கு மாமா. நாலு பேரும் போனோம். நான் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டேன். தை மாதம், தண்ணீர் எலும்பில் ஏறியது. பல் கிட்டிக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். ஐயர் கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு, "ஏமி பிரமாணம் தல்லி?" என்று கேட்டார். என்ன சத்தியம் அம்மா என்று.

நான் கையைக் கூப்பிக்கொண்டு, "மா அன்ன செப்பலேது சாமி, நேனே மாட்லாடினானு" என்று ஆரம்பித்தேன். எங்க அண்ணன் சொல்லவில்லை சாமி, நானேதான் பேசினேன் என்று. அப்படியே அந்த ஆள் வந்தது, கேட்டது, மோர் கொடுத்தது வரை சொல்லிக்கொண்டு போனேன். முழுவதும் தெலுங்கு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டதும்தான் நிறுத்தினேன். வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார். நைனாவும் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போதும்மா, போதும்," என்றார் மாமா. "இது பொய்யி சத்தியம் பண்ற மூஞ்சி இல்ல. சாமியாண்டயே தெலுங்குல பேசுது, அந்தாளாண்ட பேசாம இருக்குமா?"

ஐயருக்குப் புரியவில்லை. நைனா விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டு, "சரி, இப்போ தமிழ்லயும் சொல்லிடும்மா, பிள்ளையாருக்கு ரெண்டும் தெரியும்" என்றார். நான் தமிழில் இன்னொரு முறை சொன்னேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் தன் துண்டை என் தலைமேல் போட்டான். "தலைய தொடச்சிக்க மே. ஜுரம் வந்துடப் போவுது." பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் அதுதான் என்னிடம் சொன்ன முதல் பேச்சு. மாமா எங்களுக்குப் பொரி கடலை வாங்கிக் கொடுத்தார். திரும்புகிற வழியில் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் சொன்னேன்.

"நீயும் ஆபீசுல தெலுங்குலதான் பேசன. அர மணி நேரம்."

"எனுக்கு தெரியும், மூடிகினு வா."

"அப்பறம் இன்னாத்துக்கு எங்கூட பேசல?"

"உங்கிட்ட நான் சொல்லாம வுட்டுட்டேன்னுதான். அத்த யாராண்ட போயி கோச்சிக்கறது?" என்றான்.

எல்லை போட்டபோது திருத்தணிப் பக்கம் மெட்ராசோடு போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஒரு வீட்டால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மாமா மட்டும் ஒரு முறை கிண்டலாகச் சொன்னார், அதில் கோபம் இல்லை. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சித்தூர் போய்த் தெலுங்கு முதல் வகுப்புப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். ஆறு மாதத்தில் நோட்டீசைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தான்.

போன வருஷம் ஆடியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும், நான் கஞ்சி எடுத்துவரப் போயிருந்தேன். வந்தபோது முடிந்துவிட்டது. அவனுக்கு இருபத்தாறு வயது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாரும் வந்தார்கள். தெலுங்கு வீட்டுப் பெண்கள் தெலுங்கில் சொல்லி அழுதார்கள், எங்கள் பெண்கள் தமிழில் அழுதார்கள். எப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் என்னைத்தான் கேட்டார்கள், அம்மா பேசும் நிலையில் இல்லை. தெலுங்கில் கேட்டவர்களுக்குத் தெலுங்கில் சொன்னேன், தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழில் சொன்னேன். தெலுங்கில் சொல்லும்போது கடைசி வரை சொல்ல முடிந்தது. தமிழில் கஞ்சி எடுக்கப் போனதோடு நின்றுவிடும்.

மாமா வந்தார். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து, "இந்தப் பையன நான் சந்தேகப்பட்டேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அந்த லிஸ்ட் எங்கேயோ ஒரு ஆபீசு பீரோவில் இருக்கும். அதில் எங்கள் வீடு தெலுங்கு என்றுதான் இருக்கும், அதை இனி யாரும் மாற்றப் போவதில்லை. எங்களைத் தெரியாத யாராவது ஒருநாள் அதைப் படித்து, இந்த ஆள் ஊருக்கு ஒன்று சொல்லித் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டான் என்று நினைக்கலாம். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சாமியோ, உங்கள் வீட்டில் என்ன பாஷையோ, அதிலேயே வேண்டிக்கொள்ளுங்கள்.